பதினேழு பேருக்குப் போட்ட சைபர்

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் எடுத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கவிதையைக் கண்டாலும் அதற்குள் வேறெதுவோ ஒளிந்திருக்கிறது என்று தோண்டத் தொடங்கிவிடுவோம். மழை என்றால் மழை இல்லை, கதவு என்றால் கதவு இல்லை. எனக்கு இருபத்தைந்து வயதில் இந்த வியாதி முற்றியிருந்தது. அந்த நிலையில்தான் அரசாங்கம் என்னை நம்பி ஒரு வகுப்பைக் கையில் கொடுத்தது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வளர்ந்தவள். சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவள் (அதுவும் அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்க விடுவார்). முதல் நியமனம் மன்னாரில், நறுவிலிக்குளத்துக்கு அப்பால் ஒரு நெல் விளையும் ஊரில். சனம் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, திரும்பி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அம்மா பயத்தில் இருபது ரின் மீன் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். மீன் பிடிக்கிற மன்னாருக்கு ரின்னில் அடைத்த மீன் கொண்டுபோன பெருமை எனக்கு மட்டுமே உரியது.

உயர்தர வர்த்தகப் பிரிவுக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். பதினேழு பேர். நல்ல பிள்ளைகள், ஆனால் எதைச் சொன்னாலும் விலை, கேள்வி, நிரம்பல், சந்தை என்று பொருளியலில் கொண்டுபோய் முடிப்பார்கள். இவர்களுக்கு இலக்கிய ரசனையை ஊட்டியே தீருவது என்று நான் சபதம் எடுத்துக்கொண்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கவிதையும் ஒரு சிறுகதையும் தேடி எடுத்து, கற்பித்து, மாசி மாதத்தில் ஒரு பரீட்சையும் வைத்தேன். விடைக்குறிப்பையும் நானே எழுதினேன். அதை எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து மெய்சிலிர்த்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கவிதை மழையைப் பற்றியது. அறுவடைக் காலத்தில் திடீரென்று மழை வருகிறது, கவிஞர் துள்ளிக் குதிக்கிறார். 'கவிஞர் ஏன் மகிழ்கிறார்?' என்பது கேள்வி. இயற்கையோடு ஆன்மா ஒன்றுகிறது என்று யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். சசிக்குமார் என்ற மாணவன் எழுதியிருந்தான்: 'அவருக்கு வயல் இல்லை.'

சைபர் போட்டேன். அடுத்தது கதை.

கதை எங்கோ ஒரு வெளிநாட்டுக் கிராமத்தில் நடக்கிறது. வருடக்கணக்காக மழை இல்லை. ஒரு கிழவர் ஊரை விட்டுப் போக முடிவெடுக்கிறார். போகும்போது வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு போகிறார். 'ஏன் கதவைக் கழற்றினார்?' என்று கேட்டிருந்தேன். கதவு நினைவுகளின் குறியீடு, அவர் துயரத்தில் மனம் பேதலித்துவிட்டார் என்பது என் விடை.

சுதர்சினியின் தாளை முதலில் திருத்தினேன். வகுப்பில் ஆங்கிலம் நன்றாக வருகிற ஒரே பிள்ளை. வலய மட்ட ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு அந்தப் பாடசாலையிலிருந்து முதன்முதலாகப் போகவிருந்தவளும் அவள்தான். வீட்டில் ஆடுகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகுகிறாள் என்று சொன்னார்கள். அவள் எழுதியிருந்த விடை: 'பங்கருக்கு மேலே போட.'

கதையில் சண்டையே இல்லை. துவக்கு இல்லை, குண்டு இல்லை, ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. பங்கர் என்கிற பதுங்குகுழி எங்கிருந்து வந்தது? இரண்டாவது தாளைப் பார்த்தேன். 'பங்கருக்கு மேலே போட.' மூன்றாவதும் அதே. பதினேழு தாளிலும் அதே பங்கர். (சசிக்குமார் மட்டும், நிலையான சொத்தை அசையும் சொத்தாக மாற்றினார் என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தான்.)

சரியான விடையைப் பதினேழு பேர் எழுதினால் அது கல்வி. பிழையான விடையை, அதுவும் கதையிலேயே இல்லாத ஒன்றைப் பதினேழு பேரும் எழுதினால் அது பார்த்தெழுதியது. பதினேழு பேருக்கும் சைபர் போட்டேன். எனக்குள் இருந்த துப்பறிவாளர் எழும்பிவிட்டார்.

"ஆர் சொல்லித் தந்தது?" என்று வகுப்பில் அவர்கள் பேச்சிலேயே கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை ரீச்சர்," என்றாள் சுதர்சினி. "எல்லாருக்கும் தெரிஞ்ச விடைதானே."

எல்லோருக்கும் தெரிந்த விடையா! வினாத்தாளே வெளியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பிடிபட்டும் பயப்படாமல் நிற்கிறாளே என்று கோபம் தலைக்கேறியது. அவள் கண் முன்னாலேயே போட்டிப் படிவத்தை எடுத்து அவள் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அவள் அழவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு இருந்தாள். அதுவும் திமிர் என்றே பட்டது.

படிவம் மறுநாள் மத்தியானத்துக்குள் வலயக் கல்விக் கந்தோருக்குப் போயாக வேண்டும். அதற்கு முன், காலையிலேயே பெற்றோர் கூட்டம் வைக்கச் சொல்லி அதிபரிடம் நின்றேன். "அருவி வெட்டு நேரம் பிள்ளை, வயலை விட்டுச் சனம் வராது," என்றார். நான் விடவில்லை. பாவம், வந்தார்கள். வயலிலிருந்து நேரே, காலில் சேறும் தலையில் வைக்கோல் தும்புமாக வந்து பிள்ளைகளின் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள்.

என் திட்டம் மிக எளிது. முதலில் கதையைத் தமிழில் சொல்வேன். அந்தக் கேள்வியைக் கேட்பேன். அவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் வாயிலும் பங்கர் வராது. அப்போது தாள்களைத் தூக்கிக் காட்டுவேன்.

"அந்தக் கிழவர் ஏன் கதவைக் கழற்றினார்? சொல்லுங்க பார்ப்போம்," என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு தகப்பன், இதையெல்லாம் ஒரு கேள்வியென்று கேட்கிறாளே என்ற முகத்தோடு சொன்னார்: "பங்கருக்கு மேல போடத்தான்."

"ஓம், பின்ன என்னத்துக்கு?" என்றார் பக்கத்து அம்மா.

"அது என்ன மரமெண்டு போட்டிருக்கோ ரீச்சர்?" என்று இன்னொருவர் கேட்டார். "முதிரையெண்டால் ரெண்டடுக்கு மண்மூட்டை தாங்கும்."

"பாலையும் தாங்கும்."

"பாலை தாங்கும், ஆனால் தூக்கேலுமோ? நாரி முறிஞ்சிடும்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதிரைக் கட்சி ஒரு பக்கம், பாலைக் கட்சி ஒரு பக்கம். பனங்குற்றிதான் எல்லாவற்றிலும் திறம் என்று ஒருவர் தனிக்கட்சி தொடங்கினார். நான் கையில் பதினேழு தாளோடு நடுவில் நின்றேன். கடைசி நம்பிக்கையாக அதிபரைப் பார்த்தேன்.

"எங்கட வீட்டுக் கதவு தேக்கு, ரீச்சர்," என்றார் அதிபர் மெதுவாக.

அப்போதுதான் சுதர்சினியின் அம்மா எழும்பினார். கையில் அரிவாளை ஒரு சாக்குத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். "பிள்ளையள் என்ன குற்றம் செய்ததுகள் ரீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன்.

"எங்கட கதவை மூண்டு இடத்துக்குக் காவினனாங்கள்," என்றார். "இவளின்ர அப்பாவுக்குக் கால் ஏலாது. ஒரு முனையை நான் பிடிச்சன், மற்ற முனையை இவள் பிடிச்சவள். அப்ப இவளுக்குப் பதின்மூண்டு வயசு. கடைசியில ஆக்களைத்தான் கொண்டு வர ஏலுமாயிருந்தது. இவள் ஆரைப் பாத்து எழுத வேணும் ரீச்சர்?"

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்த அம்மா பதறிப்போய் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். முகமெல்லாம் வைக்கோல் தூசி. "சின்னப் பிள்ளைதானே, அறியாமல் செய்துபோட்டுது," என்று என்னைக் காட்டி மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னார்.

பதினேழு பேருக்கும் முழுப் புள்ளி போட்டேன். "ரீச்சர், மழைக் கவிதைக்கும் மறுபரிசீலனை உண்டோ?" என்று சசிக்குமார் கேட்டான். அவனுக்கும் போட்டேன். படிவம் ஒன்றுதான் இருந்தது. வெட்டிய பெயருக்கு மேலேயே திரும்ப எழுதி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதிபரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, மத்தியானத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வலயக் கந்தோரில் நின்றேன். "ஏன் வெட்டிக்கிடக்கு? காரணம் எழுதுங்கோ," என்றார் எழுதுவினைஞர். 'ஆசிரியருக்கு விளக்கம் போதாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கந்தோரில் உள்ள என் தனிக்கோவையில் அது இன்றும் இருக்கும்.

சுதர்சினிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அவளுக்குக் கொழும்பில் என்னோடு படித்தவர்கள் எல்லோரையும்விடத் தெளிவான உச்சரிப்பு. (ஆடுகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.)

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவர்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. புதிதாக யார் உறவென்று வந்தாலும் என் பரீட்சையில் தேறித்தான் உள்ளே போக வேண்டும். போன வருடம் சுதர்சினியின் கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தியில் அவள் அம்மா என்னை மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்தில் இருத்தி, "இவதான் எங்கட பிள்ளைக்குச் சைபர் போட்ட ரீச்சர்," என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். முழுக்கதையையும் சொன்னார், நான் அழுததை நடித்தும் காட்டினார். பந்தியே சிரித்து ஓய்ந்தபிறகு, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ சம்பந்தி, அந்த மனுசன் கதவை ஏன் கழட்டினவர்?" என்று கேட்டார்.

அந்தத் தாயார் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். அதிகம் பேசாதவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "குழி வெட்டுமட்டும் பிள்ளையைக் கிடத்தத்தான். நிலம் ஈரமெல்லோ."

சுதர்சினியின் அம்மா எட்டிச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதுவும் சரிதானே ரீச்சர்," என்றார். "மார்க்ஸ் போடுங்கோ."