கடலுக்கு நட்ட நாலு கல்

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. நில அளவர். முப்பது வருஷம் டேப் பிடித்த கை. அரை அங்குலம் கூட்டிச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்போதெல்லாம் எங்கோ ஓர் ஆணி சரியாக இறங்காத மாதிரியே இருக்கும். குறை கதையிலா, கேட்கிற என்னிடமா என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். முதலில் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து மாநிலம் கடலில் காற்றாலை நிறுவப்போவதாகக் காலையில் அறிவித்தது. சாயங்காலமே இந்த மாநிலமும் அறிவித்துவிட்டது. கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, அரசாங்கமும் இருக்கிறது. இனி என்ன குறை? கடல் காற்றுத் துறை பிறந்தது. பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் வேண்டுமே என்று கடற்கரைச் சாலையோரம் பதினோரு மாடியில் ஒரு கட்டிடம் எழுந்தது. காற்றை நேரில் கண்டுவர, செயலாளர் தலைமையில் பதினான்கு பேர் வெளிநாடு போய்வந்தார்கள். இருநூறு பக்க அறிக்கை தந்தார்கள். அதன் சாரம்: "அங்கே காற்று வீசுகிறது."

குழு கொண்டுவந்த உருப்படியான பொருள் ஒன்றுதான். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அங்கே காற்றாலைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டிருந்தார்களாம். திங்கட்கிழமை செயலாளர் அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை துணைச் செயலாளர்கள். வெள்ளிக்கிழமைக்குள், கோப்பு தூக்குகிறவரும் ஏழாவது மாடியில் மூழ்காத நிலையை எட்டிவிட்டார். அடுத்த மாதம் ஊரே போட்டுக்கொண்டது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை கோட்டுக்கு மேலே லைஃப் ஜாக்கெட். நீந்தத் தெரிந்தவன்தான் வெளியே சொல்லக் கூச்சப்பட்டான்.

இந்த நிலையில் முதல் காற்றாலைக்கான கோப்பு மின்வாரியத்துக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியது.

"படிவத்துல மூணாவது கட்டம் காலியா இருக்கே. கதவு எண் என்ன?" என்றார் வாரிய அதிகாரி.

"நாங்க கரண்டு கேக்கல சார். குடுக்கப் போறோம்" என்றார் துறையின் இன்ஜினியர்.

"குடுத்தா என்ன, வாங்கினா என்ன? கட்டம் கட்டம்தான்."

"நடுக்கடல்ல கதவு ஏது சார்?"

"அது உங்க கட்டிடத்துல உள்ள குறை. எங்க படிவத்துல உள்ள குறை இல்லையே?"

கதவு எண் வேண்டுமென்றால் சர்வே எண் வேண்டும். சர்வே எண் வேண்டுமென்றால் இடத்தை அளந்து நாலு மூலையிலும் கல் நட்டிருக்க வேண்டும். கடலை இதுவரை யாரும் அளந்து கல் நடவில்லை என்பது அப்போதுதான் அரசின் கவனத்துக்கு வந்தது. இத்தனை காலம் கடல் எந்த ஆவணமும் இல்லாமல் கிடந்ததைச் செயலாளரால் தாங்க முடியவில்லை. உடனே ஒரு நில அளவரை அனுப்பச் சொன்னார்.

அனுப்பப்பட்டவர்தான் நம்முடையவர்.

அவர் வரும்போது அழாத குறை. மனைவி கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷம் அவர் ஓர் ஊரிலும் இவர் ஓர் ஊரிலுமாக உத்தியோகம் பார்த்து, கையைக் காலைப் பிடித்து, அப்போதுதான் ஒரே ஊருக்கு மாற்றல் வாங்கியிருந்தார்கள். ஐந்து மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். புதுசாக ஓர் இரட்டைக் கட்டிலும் வாங்கிப் போட்டார்கள். கட்டிலுக்கு வார்னிஷ் வாசனை போவதற்குள் உத்தரவு வந்துவிட்டது: கடல் காற்றுத் துறையில் மூன்று மாதம் தற்காலிகப் பணி. பஸ்ஸில் பதினோரு மணி நேரம்.

"கவர்மென்ட்ல மூணு மாசம்னா எத்தனை மாசம்?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

செயலாளர் அவரை நிற்கவைத்தே வாக்குக் கொடுத்தார். "நாலு கல்லு. நானூறு மீட்டருக்கு முந்நூறு மீட்டர். ஆய்வாளர் வந்து கல்லைத் தொட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட மறு நிமிஷம், உங்க விடுவிப்பு ஆணை ரெடி. வீட்டுக்குப் போய்ச் சேருங்க."

துறைக் கட்டிடத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டின் கீழறையை வாடகைக்குப் பிடித்தார். ஒற்றைக் கட்டில், ஒரு ஜன்னல். மறுநாளே படகில் நாலு கல்லை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். குறித்த இடம் வந்ததும் முதல் கல்லை இறக்கினார்கள். தொபுக்கென்றது. அவ்வளவுதான்.

"நட்டாச்சா சார்?" என்றார் படகுக்காரர்.

"போட்டாச்சு."

"எங்க இருக்கு?"

"கீழ."

அப்படியே எழுதி அனுப்பினார்: கல் நடப்பட்டது, ஆனால் கண்ணுக்குப் புலப்படவில்லை. பதில் வந்தது: புலப்படாத கல் நடப்படாத கல்லாகவே கருதப்படும். மறுபடி நட்டார். மறுபடி பதில் வந்தது. முப்பத்தாறு கல் கடலுக்குள் போன பிறகு, ஆறு பேர் கொண்ட நிபுணர் குழு ஒரு முடிவுக்கு வந்தது: கல் கனமாக இருக்கிறது. எனவே ஃபைபரில், அசல் சர்வே கல் மாதிரியே வார்த்து, உள்ளே காற்றை அடைத்த நாலு மிதக்கும் கல் வந்து சேர்ந்தது. கடல் காற்றுத் துறை முதன்முதலாகக் காற்றைப் பயன்படுத்தியது அந்தக் கல்லுக்குள்தான்.

கல் மிதந்தது. கயிற்றில் கட்டி நங்கூரம் போட்டதும் சொன்ன இடத்தில் நின்றது. இனி ஆய்வாளர் தொட வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஆய்வாளருக்கு ஆபீஸில் "தரைமட்டம்" என்று பெயர். படகின் படத்தைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். வியாழக்கிழமை தவறாமல் லைஃப் ஜாக்கெட்டோடு கரைக்கு வருவார். கடலை ஒரு பார்வை பார்ப்பார். வயிற்றில் கை வைத்துக்கொள்வார்.

"இன்னைக்குக் கடல் சரியில்ல."

"குளம் மாதிரி இருக்கு சார்."

"அதான் சந்தேகமா இருக்கு. அடுத்த வியாழன் பாக்கலாம்."

"இங்கிருந்தே பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்களேன் சார். பைனாகுலர் கொண்டுவந்திருக்கேன்."

"விதியில 'தொட்டு'ன்னு இருக்குய்யா. கண்ணால தொட முடியுமா?"

இப்படியே ஆண்டு இரண்டு போனது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"என்னங்க, தொட்டாரா?"

"அடுத்த வியாழன்மா."

"கட்டில்ல பாதியில விடைத்தாள் அடுக்கி வெச்சிருக்கேன். எடுத்துடவா, இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்பார் இவர்.

மூன்றாம் வருஷம் ஒரு புயல் அடித்தது. பெரிய புயல் இல்லை. விளம்பரப் பலகை நாலு விழுந்தது. விடிந்து பார்த்தால் கடலில் கல்லைக் காணோம். ஊருக்குள் இருந்தது. ஒன்று துறைக் கட்டிடத்தின் கேட்டருகே. ஒன்று பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில். ஒன்று இஸ்திரிக் கடையை ஒட்டி. நாலாவது, நில அளவர் குடியிருந்த வீட்டின் பக்கச் சுவரோரம். "கடல் எடுத்தா குடுக்கவும் செய்யும் சார்" என்றாராம் படகுக்காரர். சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போய்விட்டாராம்.

தரைமட்டம் அன்று வியாழன் இல்லாதபோதும் ஜீப்பில் பறந்து வந்தார். நாலு கல்லையும் ஆசை தீரத் தொட்டார். ஒன்றைத் தட்டிக்கூடக் கொடுத்தார். டேப்பைப் போட்டு அளந்தார்கள். நானூறு, முந்நூறு. மூலைக்கு மூலை பிடித்தால் சரியாக ஐந்நூறு.

"இம்மி பிசகல. இதுதாய்யா வேலை!" என்று கையெழுத்துப் போட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. இன்ஜினியர் தயங்கித் தயங்கி எழுந்தார். "சார், கல்லு தரைக்கு வந்துடுச்சு. அப்போ எடம் தப்பு."

செயலாளர் சிரித்தார். "சர்வே சட்டம் படிச்சிருக்கீங்களா? கல்லு எங்கயோ அங்கதான் எல்லை. கல்லு நகந்ததா சட்டத்துல எங்கயுமே இல்ல."

"அப்போ இது…"

"கடல் வந்திருக்கு."

"தண்ணி இல்லையே சார்."

"வறட்சி."

கூட்டம் மேசையைத் தட்டி வரவேற்றது. மேற்படி நாலு கல்லுக்கு உட்பட்ட பகுதி தொன்றுதொட்டுக் கடலாக இருந்துவருவதாகக் கருதப்படும் என்று அன்றே அரசாணை வந்தது. சர்வே எண் கிடைத்தது, கதவு எண் கிடைத்தது, மூன்றாவது கட்டம் நிரம்பியது. பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் மாநிலத்தின் முதல் கடல் காற்றாலை நாற்பதே நாளில் எழுந்துவிட்டது. கடலில் இவ்வளவு வேகமாக யாருமே கட்டியதில்லை என்று பத்திரிகைகள் வியந்தன. திறப்பு விழாவுக்கு அமைச்சர் படகில்தான் வந்தார். படகு லாரியில் வந்தது. பாதுகாப்புக்கு முத்துக்குளிக்கும் ஆட்கள் எட்டுப் பேர் மைதானத்து மணலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

பொத்தானை அமுக்கினார் அமைச்சர். இறக்கை அசையவில்லை. கடலுக்கும் காற்றாலைக்கும் நடுவே பதினோரு மாடி நின்றது. காற்று வரும் வழியில் காற்றுத் துறை இருந்தது. "இறக்கை நிதானமாகச் செயல்படுகிறது" என்று செய்திக் குறிப்பு சொன்னது.

நம்மவருக்கு இறக்கையைப் பற்றிக் கவலையில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, விடுவிப்பு ஆணை வாங்க ஆபீஸுக்கு ஓடினார். கண்காணிப்பாளர் புது வரைபடத்தை விரித்தார்.

"எங்க குடியிருக்கீங்க?"

"பின்தெரு சார். நாலாவது கல்லு பக்கத்துல."

கண்காணிப்பாளர் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். கோடு அந்த வீட்டுக்குள் நுழைந்து, கீழறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே போனது.

"உங்க ரூம்ல ஒரு முழம் கடல்ல இருக்கு. ஒரு பகுதி கடலானா முழு வீடும் கடல்தான்னு அரசாணை. நீங்க கடல்ல இருக்கீங்க."

"கட்டிலை நகத்திப் போட்டுக்கறேன் சார்."

"கட்டில் நகரலாம். கடல் நகருமா? கடல்ல இருக்கறவரைக் கடல்லயே விடுவிக்க விதி இல்ல. கப்பல் கரைக்கு வரட்டும், கையோட ஆணை தர்றேன்."

"எந்தக் கப்பல் சார்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கணும். கப்பல் இல்லாம நீங்க எப்படிக் கடலுக்குப் போனீங்க?"

"வேற தெருவுக்குக் குடி போயிடறேன் சார்."

"அனுமதியில்லாமக் கரை ஏறினா பணியை விட்டு ஓடினதா ஆயிடும். பாத்துக்குங்க."

அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைச் சொன்னார்.

"எவ்வளவு தூரம்னு சொன்னீங்க?"

"ஒரு முழம்."

"ஒரு முழத்துக்காங்க?"

"விதிம்மா."

"ஸ்கூல்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

"கப்பல்ல இருக்கார்னு சொல்லு."

"நீந்தியாவது வந்து சேருங்க" என்று போனை வைத்துவிட்டார் கணக்கு டீச்சர்.

இதுவரை அவர் சொன்னது. இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. டீச்சர் வருஷத்துக்கு இரண்டு தடவை விடுமுறையில் வந்து போகிறார். அரசு ஏடுகளில் அது கடற்பயணம். முதல் வருஷம் நம்மவர் வாரம் ஒரு மனு எழுதினார். அப்புறம் மாதம் ஒன்று. இப்போது ஜன்னலோரம் நாலு பூந்தொட்டி வளர்க்கிறார்.

எங்கள் தெருவையும் சொல்ல வேண்டும். கடலுக்கு வீட்டு வரி கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தால் ஆபீஸ் வேலை இல்லை. இஸ்திரிக் கடைக்காரர் கடல்சார் தொழிலாளர் ஆகிவிட்டார். மைதானம் போனதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். புயல் எச்சரிக்கை விடுமுறைப் பட்டியலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். லைஃப் ஜாக்கெட் முதலில் நாகரிகமாக இருந்தது, இப்போது சட்டம். எல்லாரும் போட்டுக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறோம். அவர் வீட்டு மாடியில் இருப்பது நான்தான். கடலுக்கான வாடகை குறைவு என்றுதான் வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் ஜாக்கெட்டில். அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். புயல், கல், மூலைக்கு மூலை ஐந்நூறு. பக்கத்திலேயே நாலாவது கல். சும்மா விரலால் தொட்டேன். லேசாக ஆடியது. உள்ளே காற்றுதானே. அதில் தொங்கிய கயிற்றின் நுனி இற்றுப் போயிருக்கவில்லை. கத்தியால் நறுக்கின மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இறங்காத ஆணி அப்போது இறங்கியது. இறங்கியது எனக்குள்ளும்தான், ஏனென்றால் அந்தக் கல்லைத் தாண்டித்தான் நான் தினமும் போய்வருகிறேன், இதுவரை நானும் அதைத் தொட்டதில்லை.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"சார், அலை கல்லை ஒதுக்கும், ஒத்துக்கறேன். மூலைக்கு மூலை ஐந்நூறு பாத்து வெக்க அலைக்குத் தெரியுமா? வெச்சது யாருன்னு நான் கேக்கல. அவர் வந்து தொடணும், நீங்க வீட்டுக்குப் போகணும், அதுக்காக யாரோ வெச்சாங்க, சரி. ஆனா அன்னைக்கு நாலு கல்லையும் நடுக்கடல்ல இருந்து இங்க கொண்டுவந்த கைக்கு, அதுக்கப்புறம் இந்த ஆறு வருஷமா, ஒத்தை விரல்ல நகர்ற இந்த ஒரு கல்லை ஒரு முழம் தள்ளி வெக்க ஏன் சார் மனசு வரல?"