போத்தலுக்கு இருபத்தைந்து மைல்

போரினால் பாதை அடைபட்டு, குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்று, வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கிய பிறகு வேறு எது விளைந்ததோ இல்லையோ, ஓர் இனம் மட்டும் மூலைக்கு மூலை முளைத்துப் பெருகிவிட்டது. எண்ணெய்க் கணக்கர் என்பது அதன் பெயர். கண்டுபிடிக்க உங்களுக்குச் சிரமமே இராது. செத்த வீட்டுக்குப் போங்கள். பந்தலின் கீழே வாங்குப் பலகையில் இருப்பார். பக்கத்தில் இருப்பவர் இறந்தவருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்பார். இவர் அதற்குப் பதிலாக, பிரேதம் ஏற்ற வந்து நிற்கிற வான் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எத்தனை மைல் ஓடும் என்று சொல்லுவார். அதை யாரும் கேட்கவில்லையே என்கிறீர்களா? கேட்டபிறகு சொல்வதற்கு எண்ணெய்க் கணக்கர் எதற்கு?

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண விரும்புகிறவர்கள் உரும்பிராய்க்குப் போகவேண்டும். அங்கே பரமலிங்கம் என்றொருவர் இருக்கிறார். அவரிடம் கோயில் தேர் அளவில் ஓர் ஒஸ்ரின் கேம்பிறிச் கார் இருக்கிறது. அதன் சொந்த எஞ்சின் மாட்டுக்கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. "உது யானை. யானை குடிக்கிற மாதிரிக் குடிக்கும்" என்று அதைக் கழற்றிவிட்டு, ஒரு மொறிஸ் மைனரின் குட்டி எஞ்சினை வாங்கிப் பூட்டினார். பூட்டியதும் கார் நகர மறுத்தது. பரமலிங்கம் கலங்கவில்லை. லண்டனில் இருக்கிற மைத்துனர் எப்போதோ அனுப்பிய சஞ்சிகை ஒன்றில், சிறிய எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணித்தால் அது பெரிய வண்டியையும் இழுக்கும், குடிப்பது மட்டும் சின்னதாகவே குடிக்கும், அந்தச் சாமானுக்கு டேர்போ என்று பெயர் என அவர் படித்திருந்தார். ஆகவே கம்மாலையில் நெருப்பு ஊதுகிற சக்கரத் துருத்தி ஒன்றை வாங்கி, எஞ்சினோடு பெல்ற் போட்டு இணைத்தார். கார் ஊளையிட்டது. ஆனால் நகர்ந்தது.

போத்தலுக்கு இருபத்தைந்து மைல் என்று அன்றே அறிவித்தார்.

பரமலிங்கம் பொய் சொல்பவரல்லர். அளந்து பார்த்துத்தான் சொன்னார். பின் சீற்றையும் ஸ்பெயார் சில்லையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ரயர்களைக் கல்லுப்போல இறுக்கிக் காற்றடித்து, செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு, சோளகக் காற்று முதுகில் வந்து மோதுகிற ஆடி மாதத்தில், கொழும்புத்துறைக் கடற்கரையிலிருந்து உரும்பிராய்க்குத் தனியாகப் பல தரம் ஓட்டி வந்து, கூட்டி அளந்தார். திரும்பிப் போகிற வழி கணக்கில் இல்லை. எதிர்க்காற்றில் அளந்து பார்ப்பது காருக்குச் செய்கிற அநியாயம் அல்லவா?

அப்படியும் இருபத்தைந்து வராது. மிச்சத்தைக் கொடுத்தது ஒரு றப்பர்க் குழாய்.

சாரதி சீற்றின் அருகே மண்ணெண்ணெய்ப் போத்தல் கட்டியிருக்கும். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் சற்றுக் கட்டை. போத்தலின் அடியில் ஒரு விரலளவு எண்ணெய் அதற்கு எட்டாது. எஞ்சின் நின்றுவிடும், எண்ணெயோ கிடக்கும். எண்ணெய் கிடக்கும்வரை போத்தல் முடியவில்லை. போத்தல் முடியாதவரை, வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளுவித்த தூரமெல்லாம் அதே போத்தலின் கணக்குத்தான். நீளமான குழாய் ஒன்று போட்டால் என்ன என்று மனைவி பூரணம் கேட்டார். போட்டால் மைல் குறைந்துவிடாதா?

இந்த மைல் கணக்கால் மகள் அருந்ததிக்கு வந்த சம்பந்தம் ஒன்று முன்பே குழம்பியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இருபத்தைந்து என்றதும் சிரித்துவிட்டார். அவர் வாசல் படலை தாண்டும்வரை பரமலிங்கம் விளக்கம் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். படலை தாண்டிய ஆள் திரும்பி வரவில்லை. ஆகவே அரியாலையிலிருந்து புதிய சம்பந்தம் வருகிற அன்று காலையே பூரணம் சொல்லிவைத்தார்.

"இஞ்சேருங்கோ. இண்டைக்கு உந்த எண்ணைக் கதையை எடுக்காதேங்கோ. பிள்ளைக்குப் பிடிச்ச இடம். கார் ஓடும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தளவு பொய் காணும், போதும்."

மாப்பிள்ளை வாத்தியார் வேலை. சைக்கிளில் வந்து, சாப்பிட்டு, அருந்ததியை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சைக்கிளிலேயே திரும்பிவிட்டார். தாயும் தகப்பனும் இருந்தார்கள். தகப்பன் சண்முகநாதன் வேலையிலிருந்து இளைப்பாறிய ரயில் ஸ்ரேசன் மாஸ்டர். பாயாசத்தை முடித்துவிட்டு அவர் மெல்லச் செருமினார்.

"சீதனத்திலை காரும் தாறதெண்டு சொன்னியள். பெடியனுக்கு அதிலை ஆசையில்லை. எனக்குத்தான் கொஞ்சம்... என்ன, எண்ணை குடிக்காமல் இருந்தால் சரி. போத்தலுக்கு எவ்வளவு போகும்?"

பரமலிங்கம் பூரணத்தைப் பார்த்தார். பூரணம் கூரையைப் பார்த்தார். குசினிக்குள் அருந்ததி கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று. பரமலிங்கம் நாக்கைக் கடித்தார், உதட்டைக் கடித்தார். பயனில்லை. தும்மலை அடக்கலாம், இதை அடக்க முடியுமா?

"இருபத்தைஞ்சு."

"மெய்யே?"

"ஏறிப் பாருங்கோவன். வீட்டை கொண்டுபோய் இறக்கிவிடுறன்."

"இருபத்தைஞ்சு எண்டால் மேற்கொண்டு கதைப்பம்" என்றார் சண்முகநாதன்.

கண்ணுக்கு மருந்து விடுகிற குப்பியில் வைத்திருந்த கடைசிச் சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பினார் பரமலிங்கம். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி பெற்றோலை மோந்தால்தானே எழும்பும். புதுப் போத்தல் ஒன்று கட்டப்பட்டது. முன்னால் ஆண்கள் இருவர், பின்னால் பூரணமும் மாப்பிள்ளையின் தாய் சின்னத்தங்கமும், மடியில் பலகாரப் பெட்டி. துருத்தி ஊளையிட்டது. கோப்பாயில் நாய்கள் பதில் சொல்லின. சோளகம் நெஞ்சுக்கு நேரே வீசியது.

நல்லூர்ப் பக்கம் திரும்பி, அரியாலைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையில் கார் இருமி நின்றது.

பரமலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. வீட்டைவிட்டு வந்து ஆறு மைல்கூட ஆகவில்லை. குசினி வாசலில் நின்ற அருந்ததியின் முகம் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு முதன்முதலாக, ஆறு என்ற இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட அவர் யோசித்தார். யோசனை அந்த அளவுக்குப் போய்விட்டது.

சண்முகநாதன் குனிந்து போத்தலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எண்ணை கிடக்குதே."

"கிடக்கு."

"அப்ப முடியேல்லை."

பரமலிங்கம் தலையை நிமிர்த்தினார். இந்த வாக்கியத்தை அவர் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"தள்ளுறதையும் சேர்க்கிறனீங்களோ?" என்று தணிந்த குரலில் கேட்டார் சண்முகநாதன்.

"சில்லு சுத்தினால் மைல்தானே."

"அதுதானே. எங்கடை தண்ணிப் பம்பும் உப்பிடித்தான். நடுவிலை நிண்டால் கிணத்துத் துலாவிலை கையாலை இறைக்கிறது. அந்தத் தண்ணியையும் நான் பம்புக் கணக்கிலைதான் போடுறனான்." பிறகு இறங்கிப்போய் இரண்டு எட்டுத் தள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து ஏறிக்கொண்டார். "மீற்றரைப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

ஸ்டியரிங்குக்கும் ஓர் ஆள் வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பெண்களும் இறங்கித் தள்ளப் பின்னாலே போனார்கள்.

தேர் அசைந்தது. முன்னாலிருந்து இருபத்தைந்தா, குழாயை இன்னும் கொஞ்சம் வெட்டினால் முப்பது வருமா என்ற ஆராய்ச்சி காற்றோடு வந்தது. சின்னத்தங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"உங்கடையாளுக்கு எவ்வளவு காலமாய்?"

"பெற்றோல் நிண்ட நாளிலை இருந்து" என்றார் பூரணம்.

"எங்கடையாளுக்கு ரயில் நிண்ட நாளிலை இருந்து. ஓடாத வண்டிக்கும் நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்."

பூரணம் சேலையை இன்னும் இறுக்கிச் செருகினார். கேட்கவேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"மோனுக்கு? மாப்பிள்ளைக்கு?"

"சீ, அவனுக்கு அந்த வருத்தம் இல்லை. சைக்கிளிலை போவான், வருவான், சாப்பிடுவான். எத்தினை மைல் எண்டு இண்டைவரைக்கும் வாய் திறந்ததில்லை." சின்னத்தங்கம் தோளைக் கொடுத்து ஒரு முண்டு முண்டினார். "எங்கடை படலை முருங்கை மரத்தடிவரைக்கும்தான். தள்ளுங்கோ மச்சாள்."

மச்சாள் என்ற உறவுமுறை காதில் விழுந்ததும் பூரணம் தள்ளிய தள்ளில், முன்னால் இருந்தவர்கள் எஞ்சின் பற்றிவிட்டது என்றே நினைத்தார்கள்.

படலையில் மாப்பிள்ளை நின்றார். அவர் வந்து தேத்தண்ணி போட்டு அது ஆறியும் போயிருந்தது. சம்பந்திகள் இருவரும் கைகொடுத்துக்கொண்டு இறங்கினார்கள். போத்தல் இன்னும் முடியவில்லை. ஆகவே இருபத்தைந்து பொய்யென்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. கலியாணம் தையில். காரை மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார், சண்முகநாதன் வேண்டும் என்றுவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு ஜாம் போத்தல் விளக்கைக் காட்டி, மூடியளவு எண்ணெயில் இது விடியும்வரை எரியும் என்று போன கிழமை பக்கத்து வீட்டாருக்குச் சொன்னீர்களே. அதை ஊதி அணைத்துவிட்டு நீங்கள் நித்திரை கொண்ட நேரத்தையும் அதற்குள் சேர்த்தீர்களா, இல்லையா?