மற்றக் கம்பெனி எஞ்சின்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு வண்டியை டீசல் அண்ணை அளவுக்கு நம்பியவர் யாரும் இருந்ததில்லை. கடவுளை அவர் வருடத்துக்கு ஒரு முறை, தேர்த் திருவிழா அன்றுதான் நம்புவார். தன்னுடைய யூட்டை மூன்று வேளையும் நம்பினார்.

யூட் என்றால், முன்னால் ஆள் உட்கார்ந்து, பின்னால் திறந்த பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. சிட்னியில் கொத்தனார், பிளம்பர், தோட்டக்காரர் எல்லோரிடமும் இருக்கும். அதில் இரண்டு பெரிய கம்பெனிகள்; இரண்டுக்கும் வெறிபிடித்த ரசிகர்கள். பெயர்களை நான் எழுதப்போவதில்லை. அண்ணையும் சொல்லமாட்டார். தன் கம்பெனி வண்டியை 'எங்கட ஆள்' என்பார். எதிர்க் கம்பெனியினுடையதை 'மற்றது' என்பார். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்தவர். ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருந்தார். அவருடைய உண்மைப் பெயர் விசாக் கடிதங்களில் மட்டும்தான் இருந்தது. அந்த விசாவும் தற்காலிகம். "இந்த நாட்டில எனக்கு நிரந்தரமா இருக்கிறது இது ஒண்டுதான் தம்பி" என்று யூட்டின் பானட்டைத் தட்டுவார்.

நான் மதுரைக்காரன். அப்போது வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. என் சின்னக் காரை முதன்முதலாக அவரிடம் கொண்டுபோனபோது, அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இதில எத்தனை மூட்டை சீமெந்து ஏத்தலாம்?"

"இது கார்ண்ணே."

"அதைத்தான் கேக்கிறன்."

'மற்றது' ரிப்பேருக்கு வந்தால் மாட்டேன் என்று சொல்லமாட்டார். ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக் கொடுப்பார். ஆனால் முதலில் தன் யூட்டைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். ஏன் என்று கேட்டேன். "அவர் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குக் கை ஓடாது" என்றார்.

ஒருமுறை ஓர் ஆன்ட்டி, தன் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார். "நல்ல பெடியன்தான். குடி, சிகரெட் ஒண்டும் இல்லை" என்ற அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஆனா மற்றதுதான் ஓடுறான். எதுக்கும் வடிவா யோசிச்சுச் செய்யுங்கோ." கல்யாணம் நடந்தது. அண்ணை போய் இரண்டு பந்தி சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே நெருங்கிய நண்பர் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மனைவியை இழந்தவர், அடுத்த தெருவில் தனியாக இருந்தார். அவர் வைத்திருந்தது 'மற்றது'. ஞாயிறு காலைகளில் கராஜில் பிளேன் டீயோடு சண்டை தொடங்கும். மாஸ்டர் இழுவை சக்தியைக் கரும்பலகைக் கணக்குப்போல நிரூபிப்பார். அண்ணை, "கணக்குச் சரி மாஸ்டர், வண்டிதான் பிழை" என்பார்.

பிறகு மாஸ்டருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் வெஸ்ட்மீட்டில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது தலை சுற்றும்; ஓட்ட முடியாது. அவருடைய யூட்டும் அவரைப் போலவே படுத்துவிட்டது. கடற்கரை மணலில் மீன்பிடிக்க ஓட்டி ஓட்டி சேசிஸ் துருப்பிடித்து, ரோட்டில் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளும் அண்ணை கராஜைப் பூட்டிவிட்டு மாஸ்டரைக் கூட்டிப்போனார். நோயாளிகளைக் கூட்டிப்போக வேன் இருக்கிறதே என்று சொன்னேன். "வேனுக்குள்ள அவர் ஆரோட சண்டை பிடிப்பார்?" என்றார்.

அந்தச் சமயத்தில் எங்கட ஆளின் அடியில் தண்ணீர் சொட்டியது. நான் காட்டினேன்.

"லீக் ஆகுதுண்ணே."

"அது லீக் இல்லை. வேர்க்குது."

ஊரார் வண்டியில் ஒரு சொட்டைக் கண்டாலே பாய்ந்து படுத்துப் பார்க்கிற மனிதர். இரண்டே வாரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் சூடேறி, அதன் மேல்பாகமான ஹெட் வெடித்து, நின்றுபோனது. பழைய வண்டி உடைக்கும் இடங்களிலெல்லாம் அதே கம்பெனி எஞ்சின் தேடினார், கிடைக்கவில்லை. வேறு வண்டி வாங்கலாமே என்றேன். "மனுசி வருத்தம் வந்து படுத்திட்டா வேற கலியாணம் கட்டுறதோ?"

எஞ்சின் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு என் சின்னக் கார்தான். மாஸ்டர் முன்னால், பின்னால் முழங்கால் மோவாயில் இடிக்க அண்ணை. அப்படிப் போகும்போதுதான் மாஸ்டர் சொன்னார்: "என்ர எஞ்சின் பிழை இல்லாமல் சும்மா கிடக்குது. கழட்டி உம்மட வண்டியில போடும்."

அண்ணை பின்கண்ணாடியை இறக்கி ரோட்டைப் பார்த்தார். அடுத்த மூன்று நாளும் பழைய வண்டி உடைக்கும் இடங்களுக்கே மறுபடி மறுபடி போன் போட்டார்.

நான்காம் நாள் எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அண்ணையிடம் சொன்னால் யார் காரையாவது இரவல் கேட்டு அலைவார் என்று, மாஸ்டர் சொல்லாமலே பஸ்ஸில் போய்விட்டார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண்தான் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மாஸ்டரின் போனிலிருந்தே அண்ணைக்குப் பேசினாள். பெரிய அடி இல்லை. நெற்றியில் சின்னப் பிளாஸ்திரி. அண்ணை அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்கு எஞ்சின் தூக்குகிற கிரேனைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஒரு கம்பெனி வண்டிக்குள் இன்னொரு கம்பெனி எஞ்சினை வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எஞ்சின் உட்காரும் இடம் பொருந்தாது. கியர் பாக்ஸோடு சேராது. இரண்டு பக்கத்து வயர்களுக்கும் ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நடுவில் இரும்புத் தகடு வெட்டிப் பொருத்தினார். மூன்று வாரம் ஆனது. மாஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இந்த வயர் எங்க போறது?"

"உமக்குத் தெரியாததோ?"

"உங்கட ஆக்களின்ர வேலை. நீங்கள்தான் சொல்லோணும்."

கடைசியில் சான்றிதழ் கொடுக்க ஓர் எஞ்சினியர் வந்தார், வெள்ளைக்காரர். எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, படிவத்தில் எழுத, எஞ்சின் எந்தக் கம்பெனி என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ."

"ஓனர்தான் சொல்லணுமாம்ணே."

அண்ணை கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார், ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் நோயின் பெயரைச் சொல்கிற மாதிரி மெதுவாக. எஞ்சினியருக்குக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்லவேண்டியதாயிற்று. மாஸ்டர் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்துவிட்டது. அண்ணைதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு நான் மெல்போர்ன் வந்துவிட்டேன். போன மாதம் ஒரு வேலையாகச் சிட்னி போனபோது, காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அந்த யூட் வந்து நிற்பதைப் பார்த்தேன். அண்ணை இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். மாஸ்டர் பக்கம் மட்டும் ரப்பர் ஒட்டிய இரும்புப் படி ஒன்று வெல்டிங் செய்திருந்தது. மாஸ்டர் அதில் கால்வைத்து, அண்ணையின் தோளைப் பிடித்து, ஏதோ வாதாடிக்கொண்டே இறங்கினார்.

அண்ணை என்னைக் கண்டுகொண்டார். நலம் விசாரிக்கவில்லை.

"கார் எப்பிடி?"

"பிரேக்குல ஒரு சத்தம் வருதுண்ணே."

"கொண்டு வாங்கோ, பாப்பம்."

மெல்போர்னில், டார்னெய்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் மூன்று மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். சிட்னிக்கு ஒன்பது மணி நேர ஓட்டம்.

பிரேக்கில் சத்தம் ஒன்றும் இல்லை.