குறி தப்பியவர்

மயிலைத் தான் கொல்லவில்லை என்பதைக் கண்ணாயிரம் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். வனத்துறை ரேஞ்சர் வளவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“வேங்கிக்கால் தாண்டி, அந்தப் பழைய குவாரி பக்கம் கடைசியா எப்ப போனீங்க?”

“அந்தப் பக்கமே போறதில்லைங்க.”

வளவன் பையிலிருந்து சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் கண்ணாயிரத்தின் துப்பாக்கிக்குரியவை.

“போறது உண்டுங்க,” என்றார் கண்ணாயிரம். “அது விளையாட்டுக்கு.”

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்தினார். அங்கே தங்க வருகிறவர்கள் கொசுவைக்கூடக் கையால் விலக்கிவிடும் ரகம். ஓனருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது தெரிந்தால் அன்றைக்கே காலி செய்துவிடுவார்கள். மயில் விஷயம் தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

“என்ன விளையாட்டு?”

“மெஷின் ஒரு மண் தட்ட வானத்துல வீசும். நாம சுடணும்.”

“சுட்டு?”

“தட்டு ஒடையும்.”

“ஒடைஞ்சா?”

“அடுத்த தட்டு வரும்.”

“இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?”

அது கண்ணாயிரமே அடிக்கடி யோசித்த கேள்விதான்.

“மயிலு உடம்புல ஈயக் குண்டு இருக்குனு டாக்டர் சொல்லிட்டாரு,” என்றார் வளவன். “மயில் கேஸுன்னா கொறஞ்சது மூணு வருஷம் உள்ள இருக்கணும். தெரியும்ல?”

உள்ளேயிருந்து மனைவி ரேவதி வேகமாக வந்தாள். கையில் பதக்கம்.

“இத பாருங்க சார். போட்டியில மெடல் வாங்கின மனுஷன். இவரு போயி மயில சுடுவாரா?”

வளவன் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப சார் குறி வச்சா தப்பாதுன்னு சொல்றீங்க.”

“தப்பவே தப்பாது,” என்றாள் ரேவதி.

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார். இனி மானத்தைப் பார்த்தால் ஜெயில்தான்.

“சார், அது கலந்துக்கிட்டவங்க எல்லாருக்கும் குடுத்த மெடல். நான் இதுவரைக்கும் ஒரு தட்டகூட ஒடச்சதில்ல. தட்டே மாட்டாதவனுக்கு மயிலு மாட்டுமா?”

ரேவதி பதக்கத்தை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வளவன் மட்டும் நம்பவில்லை. “காலையில குவாரிக்கு வாங்க. என் கண் முன்னாடி சுட்டுக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”

கண்ணாயிரம் உடனே சாந்த் பாஷாவுக்குப் போன் செய்தார். வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாஷாதான் அந்தத் தட்டு வீசும் மெஷினைச் செய்து கொடுத்தவர். அதை இயக்குவதும் அவர்தான்.

“பாய், காலையில ரேஞ்சர் முன்னாடி சுட்டுக் காட்டணும். மயில் கேஸு. தட்டெல்லாம் எடுத்தாந்துடுங்க.”

தோற்பதற்காகத்தான் சுடப்போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

“நீங்க பயப்படாதீங்கண்ணா,” என்றார் பாஷா. “நான் பாத்துக்கறேன்.”

காலையில் கண்ணாயிரம் தெம்பாகவே போய் நின்றார். வேண்டுமென்றே தவறவிட வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. வழக்கம்போலச் சுட்டால் போதும்.

“விடுங்க பாய்.”

தட்டு கிளம்பியது. சுட்டார். தட்டு தூள் தூளானது.

கண்ணாயிரம் துப்பாக்கியைப் பார்த்தார். ரேஞ்சர் கண்ணாயிரத்தைப் பார்த்தார்.

“எப்படியோ பட்டுடுச்சுங்க,” என்றார் கண்ணாயிரம். “இன்னொண்ணு விடுங்க பாய்.”

இந்தத் தடவை தட்டு போகிற பக்கத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியே குறி வைத்தார். அதுவும் உடைந்தது. அதற்கடுத்ததற்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். திறந்து பார்த்தபோது துண்டுகள் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தன. ரேஞ்சரோடு வந்திருந்த வனக் காவலர் பிரசாத் தன்னை மறந்து கை தட்டினார். ரேஞ்சர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

“கண்ண மூடிக்கிட்டே சுடறீங்க,” என்றார் வளவன். “ஒரு தட்டகூட ஒடச்சதில்லைனு நேத்து என்கிட்ட பொய் வேற. ஜீப்ல ஏறுங்க.”

“சார், சத்தியமா எனக்குச் சுடத் தெரியாது சார்.”

“அத கோர்ட்ல சொல்லிக்கோங்க.”

கண்ணாயிரம் ஏறி உட்கார்ந்தார். மூன்று வருஷம். கெஸ்ட் ஹவுஸ் போயிற்று, மானம் போயிற்று. அதுவும் செய்யாத குற்றத்துக்கு. ஆனாலும் மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவருக்குச் சுட வந்துவிட்டது. பிரசாத்திடம் சொல்லி ரேவதியை நம்ப வைக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

ஜீப் கிளம்பும் நேரத்தில் சாந்த் பாஷா ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. கண்ணாயிரத்தின் காதருகே குனிந்தார்.

“மன்னிச்சிடுங்கண்ணா. குறி தப்பாத ஆளுன்னு தெரிஞ்சா உட்டுடுவாங்கன்னு நெனச்சுதான், மேல போனதும் தானா ஒடையற மாதிரி தட்டெல்லாம் ராத்திரியே கீறி வச்சேன். அன்னிக்கு நீங்க சுட்டது தட்டுமேல படாம, அந்தாண்ட நின்ன மயிலுமேல பட்டத நான் பாத்தேனே.”