நாலு சிலிண்டர், ஐந்தாவது ஆள்

லாரிக்குக் குறி கேட்ட மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, அவர் குறி கேட்கும்போது பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு, முழுக்கால் சட்டையோடு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மலாயாவின் ஜொகூரில், பெக்கோக் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் சின்னக் கிராணி. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, பகலில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுவது, சனிக்கிழமைகளில் ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியோடு ரயில் நிலையத்துக்குப் போய் வருவது, இவைதான் என் வேலை. அந்த லாரிக்கும் ஸ்டோரில் இருந்த மெஷின்களுக்கும் ஒரே வைத்தியர் நம்முடைய ஆள். ஊரில் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. தோட்டத்தில் அவர் குறிக்கார பிட்டர்.

லாரி, யுத்தம் முடிந்து சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்த வண்டி. எங்களிடம் வரும்போதே கிழடு. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். சுற்றுகிறவர் கொஞ்சம் அசந்தால் கைப்பிடி திரும்பி வந்து அறையும். மேனேஜர் துரை ஒருவரைத் தவிர தோட்டத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அதனிடம் அறை வாங்கியவர்கள்தான்.

இஞ்சின் தட்டுத் தடுமாறி ஓடினால் மற்ற பிட்டர்கள் திறந்து பார்ப்பார்கள். இவர் குளித்துவிட்டு வருவார். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் ஈர வேட்டி, கையில் மரப்பிடி போட்ட திருப்புளி. ஆரம்பத்தில் சூடமும் கொளுத்திக்கொண்டிருந்தார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் சூடம் காட்டினால் லாரியோடு அவரும் சாமியாகிவிடுவார் என்று துரை தடை போட்ட பிறகு எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த இஞ்சினில் நாலு சிலிண்டர். நாலுக்கும் பெயர் வைத்திருந்தார்: முனியாண்டி, மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன், பேச்சி. ஓடுகிற இஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டு, முதல் பிளக்கின் தலைக்கும் இஞ்சின் உடம்புக்கும் சேர்த்துத் திருப்புளியை வைப்பார். "முனியாண்டி, நீயா?" என்று அதட்டுவார். இஞ்சின் உடம்பைக் குலுக்கிக்கொண்டு தடுமாறும். "இல்லேங்குறாரு" என்று என்னைப் பார்ப்பார். அடுத்தது மதுரைவீரன், அதற்கடுத்தது கருப்பன். கடைசியில், "பேச்சி, நீயா தாயே?" என்று திருப்புளியை வைத்தால் இஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

"அம்மாதான்! பேச மாட்டேங்குறா, கோவமா இருக்கா" என்பார். அந்தப் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டினால் லாரி சமர்த்தாக ஓடும்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. திருப்புளி பட்டால் பிளக்கில் பொறி வராது. ஒழுங்காக உழைக்கிற சிலிண்டரை நிறுத்தினால் இஞ்சின் தடுமாறும். ஏற்கெனவே படுத்துவிட்டதை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. ஆபீசில் உழைக்கிறவன் லீவு போட்டால் வேலை நிற்பதும், தூங்குகிறவன் லீவு போட்டால் யாரும் கவனிக்காததும் மாதிரிதான். இதெல்லாம் பிற்பாடு நான் புரிந்துகொண்டது. அன்றைக்கு, குளிர்ந்த ரப்பர் இருட்டில், ஒரு இரும்பு "இல்லை" என்று தலையாட்டுவதைப் பார்க்கையில் எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை இஞ்சினில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "காது பொய் சொல்லும் கிராணியாரே. பல்லு சொல்லாது" என்பது அவர் கட்சி. ஒருமுறை துரை வந்து, "ஏய் பிட்டர், என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, கம்பியை விடாமல் ஒற்றை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். துரை வாயை மூடிக்கொண்டு நின்றார். விரல் இறங்கும்வரை நின்றார். அந்த வெள்ளைக்காரரை வாயடைக்க வைத்த வேறு மனிதரை நான் கண்டதில்லை.

இந்தப் பிட்டருக்கு உலகத்தில் ஒரே சிநேகிதன் லாரி டிரைவர் வேலு. சிநேகிதம் என்றால் பேச்சு முழுக்கச் சண்டைதான். "நீ ஓட்டுற லட்சணத்துக்கு மாட்டு வண்டி போதும்டா" என்று இவர் சொல்ல, "நீ பாக்குற வைத்தியத்துக்கு அதுவும் படுத்துக்கும்" என்று அவன் சொல்ல, இருவரும் கள்ளுக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வேலுவுக்குச் சங்கை அறுக்கிற மாதிரி ஒரு இருமல் உண்டு. க்ஹ, க்ஹ, பிறகு ஒரு இடைவெளி, அப்புறம் நீளமாக ஒன்று. அவன் வருவதை அந்த இருமலை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு மழைக்காலத்தில் வேலுவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு அவனுடைய லாரியிலேயே படுக்கவைத்துக் கொண்டு போனார்கள். சுடுகாட்டு மேடு ஏறும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த மேட்டிலேயே அவனைப் புதைத்தோம். பிட்டர் அழவில்லை. லாரியைக் கழுவித் துடைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, அப்படியே அதன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

புது டிரைவராக மாட் என்ற மலாய்க்காரர் வந்தார். நல்ல மனிதர். தோட்டத்திலேயே பிறந்தவர் போலத் தமிழ் பேசுவார். அவர் வந்த கொஞ்ச நாளில் லாரி இரும ஆரம்பித்தது.

சமதரையில் ஒழுங்காக ஓடும். சுடுகாட்டு மேட்டில் மூக்கைத் தூக்கியதும், க்ஹ, க்ஹ. ஒரு இடைவெளி. அப்புறம் நீளமாக ஒன்று. சரியாக வேலுவின் குழிக்கு நேராக நின்றுவிடும். முதல் தடவை நான் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகல். ரப்பர் காடு மூச்சுக் காட்டாமல் இருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. லாரிக்குப் பின்னாலிருந்து புளித்த கள் வாடை வந்தது.

"அலாமாக்!" என்றார் மாட். "கிராணி, இதுல ஹந்து இருக்கு லா. நான் இதை ஓட்டல. அதுதான் என்னை ஓட்டுது."

இருவரும் இறங்கி, லாரியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து மேட்டைவிட்டு வந்தோம். பேய்க்கு முதுகு காட்டக்கூடாது என்று மாட் சொன்னார். ஹந்துவுக்கும் பேய்க்கும் சட்டம் ஒன்றுதான் போலிருக்கிறது.

செய்தி தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பரவியது. லாரியில் ஏற யாரும் வரவில்லை. துரைக்கு மட்டும் வேறு சந்தேகம்: மாட் குடித்துவிட்டு ஓட்டுகிறார்! தொழுகை தவறாத அந்த மனிதர் வாயை ஊதிக் காட்ட வேண்டியதாயிற்று. வாயில் வெற்றிலை வாசம்தான் வந்தது. துரை ஸ்டோருக்கு வந்து பிட்டரிடம் கத்தினார்:

"சனிக்கிழமை நான் லாரியில வரும். மேட்டுல நின்னுச்சு, லாரி இரும்புக் கடைக்குப் போகும். உடைச்சுப் போடும். புரியுதா?"

பிட்டரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். துரை போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிராணியாரே, உள்ள அவன் இருக்கான். அவனையும் சேத்து உடைச்சுப் போட்டுடுவாங்களே."

உடனே குளித்துவிட்டு வந்தார். குறி ஆரம்பமாயிற்று. முனியாண்டி இல்லை என்றார். மதுரைவீரனும் கருப்பனும் இல்லை என்றார்கள். பேச்சியும் குலுங்கிக்கொண்டு இல்லை என்றாள். நாலும் சுத்தம். பிட்டர் திருப்புளியை இறக்கிவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "இது ஐந்தாவது ஆளு."

நான் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

மறுநாள் உச்சி வேளை. பால் வெட்டு முடிந்து எல்லோரும் லயத்துக்குப் போய்விட்ட நேரம். கொட்டகையில் லாரிக்கு அடியில் பிட்டர் மல்லாந்து கிடந்தார். இஞ்சினை நிறுத்தியிருந்தார். கம்பி அவர் பல்லில். விளக்கைப் பிடிக்க வேண்டும் என்று என்னையும் அடியில் இழுத்துப் போட்டிருந்தார். வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போது தலைக்குமேல் லாரி குடித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன். மடக், மடக், மடக் என்று நிதானமாக, தாகத்தோடு குடித்தது. கள் வாடை எங்கள்மேல் இறங்கியது. பிட்டரின் பல்லில் கம்பி கடகடவென்று ஆடியது. அந்த மனிதருக்கே இந்த நிலை என்றால் என் கதி என்ன? கும்பிட்ட தெய்வங்கள் அத்தனையையும் அவசரத்தில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன்.

பிறகு ஒரு குரல். "குடிச்சிக்க. இப்ப யாரு வேணாங்குறா? நல்லா குடிச்சிக்க."

சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. வெள்ளி மிஞ்சி கழற்றிய விரல்கள். வேலுவின் பெண்சாதி அஞ்சலை. சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து, போத்தலிலிருந்து கள்ளை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்ததைப் பார்த்து அவள் போட்ட அலறலில் காடே விழித்துக்கொண்டது. அழுகை அடங்கிய பிறகுதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது வேலு ஒரு வாய் கள் கேட்டானாம். காய்ச்சலில் கூடாது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொன்னதால் இவள் தரவில்லை. திட்டி அனுப்பியிருக்கிறாள்.

"தாகத்தோட போயிட்டாருண்ணே. லாரியிலதானே உசுரு போச்சு? அங்கதானே இருப்பாரு? குழியில ஊத்தினா மண்ணுதானே குடிக்கும்?"

பிட்டருக்கு விஷயம் முழுவதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. கள் பெட்ரோலில் கலக்காது, அடியில் தங்கும். சமதரையில் சும்மா கிடக்கும். மேட்டில் லாரி மூக்கைத் தூக்கினால் குழாய்ப் பக்கம் வந்து இஞ்சினுக்குள் போகும். அப்புறம் இருமாமல் என்ன செய்யும்? இதை அவளிடம் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். துரையிடம் சொல்லியிருந்தால் அவளைத் தோட்டத்தைவிட்டே விரட்டியிருப்பார். மனிதர் எதையும் சொல்லவில்லை. குளிக்கப் போனார்.

ஈர வேட்டியோடு வந்து, கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார். திருப்புளியை என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையைப் பானெட்டின்மேல் வைத்தார்.

"கேளு தங்கச்சி. என்ன கேக்கணுமோ கேளு."

அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். "தாகம் அடங்கிடுச்சான்னு கேளுங்கண்ணே."

"வேலு, தங்கச்சி கேக்குது. தாகம் அடங்கிடுச்சாடா?"

இஞ்சின் ஒருகணம் அப்படியே தாழ்ந்தது. க்ஹ என்று ஒரே ஒரு தடவை இருமியது. பிறகு சீராக ஓடியது.

திருப்புளி என் கையில் இருந்தது. குழாயில் தங்கிய கள்ளாக இருக்கும் என்று என் புத்தி சொல்கிறது. என் கையிலிருந்த மயிர் அத்தனையும் எழுந்து நின்றது வேறு எதையோ சொன்னது. பிட்டரும் பானெட்டிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடங்கிடுச்சாம் தங்கச்சி" என்றார். "இனிமே டாங்கியில வேணாமாம். தலைவலிக்குதாம்."

அழுதுகொண்டே அவள் சிரித்துவிட்டாள். செத்த பிறகும் அவனுக்குத் தலைவலி வந்ததில் அவளுக்கு ஏதோ ஆறுதல்.

டாங்கியை முழுக்க வடித்தார். குழாயை ஊதினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினார். துரையிடம் போய், மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது, மூடியைத் தாம்தான் சரியாகப் போடவில்லை என்று சொல்லி, கிடைத்த திட்டு முழுவதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை துரை லாரியில் ஏறி உட்கார்ந்தார். சுடுகாட்டு மேட்டில் அது சின்னப் பிள்ளை மாதிரி ஓடி ஏறியது. லாரி தப்பித்தது. கொட்டகைக்குத் திரும்பியதும் மாட் வண்டியை நிறுத்திவிட்டுப் பிட்டரைக் கட்டிக்கொண்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் பிட்டரை மட்டும் காணோம். கொட்டகைக்குப் பின்னால் தேடிப் பிடித்தேன். ஒரு டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சுத்தமா ஓடுது, கேட்டீங்களா? ஒரு பிசிறு இல்ல. நானே தொடச்சு அனுப்பிட்டேன் அவனை" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் லாரியில் போய்வந்ததும் வாசலில் நிற்பார். "மேட்டுல ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்பார். இல்லை என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். மனிதர் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தார். கம்பியைக் கடிப்பதில்லை, குறி கேட்பதில்லை. பிளக்கைச் சும்மா கழற்றி, சும்மா மாட்டினார். எல்லாப் பிட்டர்களையும் போல ஆகிவிட்டார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை லாரியிலிருந்து இறங்கி, அவர் கேட்கும் முன்னே சொன்னேன்: "பிட்டரண்ணே, மேட்டுல லேசா இருமின மாதிரி இருந்துச்சு."

"எப்படி? எப்படி இருமினான்?"

நான் இருமிக் காட்டினேன். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அவனேதான்!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டுவிட்டு, "திருட்டுப் பய, ஓட்டத் தெரியாம இன்னும் மேட்டுல திணறுறான் பாருங்க" என்று வைதுகொண்டே குளிக்கப் போனார்.

அந்தத் தோட்டத்தில் நான் இருந்தவரை, லாரி இருமாமல் வந்ததாக அவரிடம் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.