அர்த்தநாரி மாஸ்டரின் கோடு

காலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தவன் தங்கமுத்து. ஓடித்தான் வந்தான், ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"அம்மா, மாஸ்டரு பந்தயத்துக்குக் கோடு போடறப்ப நெஞ்சைப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டாருங்க. உசிரு போயிருச்சுங்க."

சௌந்திரம் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இது: "பாலத்துக்கு எந்தப் பக்கம், சாமி?"

புருஷன் செத்த நேரத்தில் இப்படியும் ஒரு கேள்வியா என்று திகைக்காதீர்கள். 'ஒருகாலத்து வீரர்' என்னும் இனத்தோடு குடும்பம் நடத்தியவளுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பிரமாதமாக ஓடியிருக்கும். மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். அர்த்தநாரி சேலத்தில் காலேஜ் படித்தபோது, இருபத்துநாலாம் வருஷம், மூன்று மைல் பந்தயத்தில் ஜில்லாவில் எவரும் ஓடாத வேகத்தில் ஓடினார். அன்று வாங்கிய வெள்ளிக் கோப்பைதான் அந்த வீட்டின் மூத்த பிள்ளை: வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு விபூதிக் குளியல் உண்டு, தீபாவளிக்குப் புதுத் துணி உண்டு, விருந்தாளி வந்தால் பந்தியில் தனிப் பலகை உண்டு. இலை மட்டும்தான் போடவில்லை.

பிறகு குமாரபாளையத்தில் டிரில் மாஸ்டர் ஆனார். ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். மனதாரச் சொல்லிக்கொடுத்தார், அதில் குற்றமே காண முடியாது. விடியலில் எழுப்புவார், களி வாங்கித் தருவார், சைக்கிளில் பின்னாலேயே வந்து, "கையைத் தொங்கப் போடாதடா, அதென்ன புடலங்காயா?" என்று கத்துவார். எவனாவது அவருடைய பழைய நேரத்தை நெருங்கிவிட்டால் மட்டும், அடுத்த வருஷம் முடிவுக்கோடு கொஞ்சம் தள்ளிப் போகும்.

முதலில் கோடு சரியாக மூன்றாவது மைலில், ஊர் எல்லைப் புளியமரத்தடியில் இருந்தது. மரத்தடியில் எறும்பு என்று நெசவுத் தெருவுக்கு வந்தது. தெரு நீளத்துக்குக் கட்டியிருந்த பாவு நூலில் ஓட்டக்காரர்கள் மொத்தமாகச் சிக்க, எந்தக் கால் முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. தெருவில் நாய் என்று பாலத்துக்குப் போயிற்று. பாலத்தில் காற்று என்று ஆற்றைத் தாண்டிப் பவானிக்கே போய்விட்டது. அது கோயமுத்தூர் ஜில்லா! சேலம் ஜில்லாப் பந்தயம் கோயமுத்தூர் ஜில்லாவில் முடிந்தது. ஊர் வாயைத் திறந்ததா? மாஸ்டர் அளந்தால் மூன்று மைல் மூன்று மைல்தான்.

"ஏனுங்க, மூணு மைலு எப்படிங்க ஆத்தைத் தாண்டும்?" என்றாள் சௌந்திரம்.

"வெயிலுக்குத் தண்டவாளம் நீளுதில்ல? ரோடும் அப்படித்தான். காலேசுல படிச்சிருந்தா உனக்குத் தெரியும்."

"அப்ப மழைக்குச் சுருங்கி இக்கரைக்கு வந்திருக்கோணுமே?"

மாஸ்டர் கோப்பையைத் துடைக்கப் போய்விட்டார்.

இதில் அகப்பட்டவன் தங்கமுத்து. தறி மிதித்து உரமேறிய கால். மாஸ்டர் பழக்கியவர்களில் அவனைப் போல ஓடியவன் இல்லை. அந்தப் பழைய நேரத்தை முறியடித்தால்தான் பட்டணத்துப் பந்தயத்துக்கு அனுப்புவோம் என்றது ஜில்லாச் சங்கம். அவனும் வருஷா வருஷம் காவிரியைத் தாண்டித் தோற்றுக்கொண்டிருந்தான். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி.

பந்தயத்துக்கு முந்தின நாள் சோறு போடும்போது சௌந்திரம் சொன்னாள்: "அந்தப் பையனுக்கு இதுதானுங்க கடைசி. அவன் செயிச்சா உங்க கோப்பைய யாரும் புடுங்கிட்டுப் போகமாட்டாங்க."

மாஸ்டர் மோரைக் குடித்துவிட்டு, "சுண்ணாம்பு கரைச்சு வை" என்றார். அவ்வளவுதான்.

இப்போது தங்கமுத்து பதில் சொன்னான்: "பாலத்துகிட்ட இல்லீங்கம்மா. புளியமரத்தடியிலங்க. ரோட்டுக்குக் குறுக்கால பாதி வரைக்கும் போட்டிருக்காருங்க."

சௌந்திரம் அப்போதுதான் அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பந்தயத்தை நடத்தினார்கள். மீதிக் கோட்டையும் போடச் சொல்லித் தங்கமுத்துவிடம் சுண்ணாம்புச் சட்டியை நீட்டினார்கள்.

"மாஸ்டரு போட்டது போதுமுங்க" என்றான். கோடு இருந்த வலப்பக்கத்துப் பாதி ரோட்டிலேயே ஓடி முடித்தான். பழைய நேரம் உடைந்தது. பட்டணத்துக்கு ரயில் ஏறினான்.

சிரித்தீர்களா, சந்தோஷம். உங்கள் அலமாரியிலும் ஒரு கோப்பை இருக்கும்: என்றோ வாங்கிய மார்க்கோ, ஒருநாள் பேசிய மேடைப் பேச்சோ, ஊரே மெச்சிய உங்கள் வீட்டு ரசமோ. மருமகளோ மாணாக்கனோ அதன் பக்கத்தில் வரும்போது, மரத்தடியில் உங்களுக்குத் திடீரென்று எறும்பு தெரிகிறதா?

புளியமரத்தடியில் இடப்பக்கத்துப் பாதி ரோட்டுக்கு இன்னும் யாரும் கோடு போடவில்லை.