சிங்கராயர் போட்ட வட்டப் பேட்டரி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அடுத்த வருஷம் என் காப்பிச் செடியில் ஒரு பழம்கூடப் பழுக்காமல் போகட்டும். மலை உச்சியில் நின்று கத்தியே சொல்கிறேன், அத்தனையும் நடந்தது நடந்தபடி. ருசிக்கு அங்கங்கே இரண்டு மிளகு தட்டிப் போட்டிருப்பேன். அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில் சிங்கராயர் என்று ஒரு மனுஷர். காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டையைக் கனைத்தால் இருநூறு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பார். வீட்டில் அவரே கனைக்க வேண்டுமென்றால் மனைவி ஜெயமேரியைப் பார்த்துவிட்டுத்தான் கனைப்பார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காலையில் பல் விளக்கியதும் சிங்கராயர் விரலை நீட்ட வேண்டும். ஜெயமேரி சர்க்கரை மெஷினால் ஒரு குத்துக் குத்துவார். நூற்றைம்பதுக்குள் வந்தால் இட்லி. தாண்டினால் சாமை உப்புமா. இருநூறு என்றால் ராகிக் களி. மேல்முறையீடு கிடையாது.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல் தன் மகள் ஷீனாவுக்குக் கல்யாணம் வைத்தார். வியாழக்கிழமை. பிரியாணி, பிரட் அல்வா. சேலத்திலிருந்து வரும் சமையல்காரர் கிண்டும் அல்வா தட்டில் வைத்தால் நடுங்குமாம். கேட்டதிலிருந்து சிங்கராயருக்கும் நடுங்கியது. ஜெயமேரி தீர்ப்பை முன்னாலேயே எழுதிவிட்டார்: வியாழக்கிழமை காலை நூற்றைம்பதுக்குள் வந்தால் பந்தியில் கை நனைக்கலாம். இல்லாவிட்டால் பந்தியிலும் டப்பாவில் களி.

சிங்கராயருக்கோ பெரியண்ணன் கடைத் தேங்காய் பன் நாலு மாதமாகத் தினசரிப் பழக்கம். வியாழக்கிழமை மெஷின் என்ன சொல்லும் என்று மெஷினைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஜெயமேரி ஜன்னலோரம் நின்று, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஜெப்சனோடு பட்டன் போனில் பேசினார். மலையில் டவர் கொஞ்சம், ஆகவே குரல் அதிகம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் எப்போது போட்டாலும் 2010 ஜனவரி ஒன்றாம் தேதிக்கே போய் நின்றது. தேதியைத் திருத்தினால், திருத்திய விரலை எடுப்பதற்குள் கரண்டு போகும். மறுபடி 2010. மாதா கோயில் மருத்துவ முகாமில் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஆனால் தேதி தப்பாக இருப்பதால் அந்த இணையப் பக்கமே திறக்க மாட்டேன் என்கிறது என்று ஜெயமேரி குறைப்பட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஆமா சாமி, உள்ளார பலகையில ஒரு வட்டப் பேட்டரி இருக்குதாமா? என்னது, அப்பாவோட சக்கர மிசின்ல இருக்குதே, அதே பேட்டரியா? அதே நம்பரா? சரி கண்ணு, டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கலாம்."

பாதி முகம் சோப்பு, பாதி முகம் சிரிப்பு. சிங்கராயர் கண்ணாடியைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தார். மெஷினை ஒளித்து வைத்தால் ஜெயமேரி மண்ணைத் தோண்டியாவது எடுத்துவிடுவார். தானாகச் செத்த மெஷினை யார் என்ன செய்ய முடியும்? நல்ல பேட்டரி கம்ப்யூட்டருக்கு, செத்த பேட்டரி மெஷினுக்கு. பெண்டாட்டிக்கு ரிப்போர்ட், புருஷனுக்கு அல்வா.

புதன்கிழமை ஜெயமேரி கல்யாண வீட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போனார். சிங்கராயர் கதவைச் சாத்தினார். வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த தூசியில் நாலு மிளகுக் கொடி நட்டிருக்கலாம். 2010-ல் ஜன்னல் வழியாக நுழைந்த ஏற்காட்டு மூடுபனி இன்னும் வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பலகையே தெரியவில்லை. பேட்டரியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தூசி தட்டினார். பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினார். காற்றாடி இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். பதினோரு தடவை தும்மினார்.

கடைசியில் மூலையில் ஒற்றை ரூபாய்க் காசு போலப் பேட்டரி மின்னியது. ஓரத்துக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தள்ளியதும் தவளை மாதிரித் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. நெஞ்சால் ஊர்ந்து பிடித்தார். சர்க்கரை மெஷினின் பின்மூடியைத் திறந்து மாற்றிப் போட்டார். கம்ப்யூட்டரைப் போட்டு, அது கேட்ட தேதியைக் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பார்த்தார். தேதி அசையவில்லை. சர்க்கரை மெஷினை அழுத்தினார். அதுவும் அசையவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பார்த்த ஜெயமேரி பேட்டரி ஏதென்று கேட்டார். ஏற்காடு டவுனுக்கு நடந்தே போய் வாங்கி வந்ததாகச் சிங்கராயர் சொன்னார். நொம்ப சந்தோசமுங்க என்றார் ஜெயமேரி. அவ்வளவுதான். சிங்கராயருக்கே அது கொஞ்சம் சப்பென்று இருந்தது.

வியாழக்கிழமை காலை. கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு சிங்கராயர் தாமாகவே விரலை நீட்டினார். ஜெயமேரி மெஷினை அழுத்தினார், தட்டினார், காதில் வைத்துக் கேட்டார்.

"உசுரே இல்லீங்க."

"அடடா," என்றார் சிங்கராயர். "பாவம், அதுக்கும் வயசாச்சு புள்ள. உடு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அதுவுஞ் சரிதானுங்க. வாங்க, அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டுப் போயிரலாம்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பக்கம் சட்டென்று திறந்தது. ஜெயமேரியின் ரிப்போர்ட் சுத்தம். அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. மேலே சிங்கராயர் பேர்.

"எனக்கென்னத்துக்கு? எனக்கு ரத்த வகை பாக்கத்தான எடுத்தாங்க?"

"வகையும் போட்டிருக்குதுங்க. ஓ பாசிட்டிவ்." ஜெயமேரி விரலைக் கீழே இறக்கினார். "இது மூணு மாசத்துச் சக்கரைங்க. அந்த மிசின் இன்னைக்கு என்னன்னுதான் சொல்லும். இது மூணு மாசமா என்னன்னு சொல்லுது. ஏழுக்குள்ள இருக்கோணுமுங்க. ஒம்பதரைன்னா, பெரியண்ணன் கடையில பன்னு மிச்சமிருக்குதுங்களா?"

சிங்கராயர், ஆள் மாறியிருக்கும் என்றார். மாவட்டத்தில் எத்தனையோ சிங்கராயர்கள் என்றார். ஜெயமேரி எழுந்து போனார். தையல் பெட்டியைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். அதில் வரிசையாக ஐந்து புது வட்டப் பேட்டரிகள். ஒன்றைப் பிய்த்துச் சர்க்கரை மெஷினில் போட்டார். நீட்டியிருந்த விரலை மடக்கச் சிங்கராயர் மறந்திருந்தார். ஒரு குத்து. இருநூற்றுப் பதினெட்டு.

பந்தியில் அவர் பக்கத்து இலைக்குப் பிரட் அல்வா நடுங்கிக்கொண்டே போயிற்று. அவர் முன்னால் டப்பா திறந்தது. களி நடுங்கவில்லை.

"ஏம் புள்ள," என்று குரலைத் தாழ்த்தினார் சிங்கராயர். "அஞ்சு பேட்டரி கையில வெச்சிருந்தயே. உனக்குப் போடத் தெரியாதா?"

"பேட்டரி போட ரெண்டு நிமிசமுங்க," என்றார் ஜெயமேரி, களியில் குழி பண்ணிக் கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே. "அந்தப் பொட்டியில இருந்த தூசியத் தொடைக்கத்தான் ஆளே கெடைக்கல."

கதை இவ்வளவுதான். யார் சொன்னது என்று கேட்டால் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்து இலை என்னுடையது. என் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கிறது.